பால் குடுக்கிற தாய்மாருக்கு போன்ல மெசேஜ் அனுப்பினா பிரயோசனம் இருக்குமா?

களுவாஞ்சிகுடி பிள்ள:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட தாய்மார் ஆதரவுக் குழுவுல கதைச்சிட்டிருந்த நேரம் வந்த யோசனை இது. அமெரிக்காவுல கறுப்பினத் தாய்மாருக்கு எஸ்எம்எஸ்ல தாய்ப்பால் சம்பந்தமா உதவி செய்றாங்க எண்டு வாசிச்சன். அங்க 2015ல பொறந்த பிள்ளைகள்ல வெள்ளைக்காரர்ல 85.9 வீதம் ஒருக்காவாச்சும் தாய்ப்பால் குடிச்சிருக்கு, கறுப்பினத்துல 69.4 வீதம்தானாம். நம்மட பக்கம் பால் குடுக்கத் தொடங்காத தாயைத் தேடித்தான் பாக்கணும், ஆனா மூணாம் நாலாம் மாசத்துலயே "பால் காணாது" எண்டு சொல்லி பால்மா டின் வீட்டுக்குள்ள வந்துருது, ஆறு மாசம் தனித் தாய்ப்பால் எண்டு கிளினிக்ல சொன்னதெல்லாம் அதோட முடிஞ்சுது. இஞ்சயும் மெசேஜ் அனுப்பிப் பாக்கலாமா? என்னத்த எழுதுற?

பழைய மிட்வைஃப்:
அனுப்பலாம் பிள்ள, ஆனா "தாய்ப்பாலே சிறந்தது" எண்டு அனுப்பாதீங்க, அது சுவர்ல ஒட்டின போஸ்டர்லயே இருக்கு. எந்த நாள் போகுது எண்டதுதான் விசயம். ஆஸ்பத்திரியால வீட்ட வந்து மூணாம் நாள் அளவுல மார்பு கல்லு மாதிரி இறுகிரும், பிள்ளைக்குக் காம்பு வாய்க்குள்ள பிடிபடாது, அது கத்தும், தாயும் அழும், மாமியாரும் ஒரு பக்கம் சொல்லுவா, அந்த நேரம் "கையால ஒள்ளுப்பம் பாலைப் பீச்சி மார்பை மெதுவாக்கிப்போட்டு மறுகா குடுங்க" எண்டு ரெண்டு வரி வந்தாக் காணும். மற்றது அஞ்சு நாளைக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தரமாவது மூத்திரம் போய் நிறையும் ஏறினா பால் காணும் எண்டதை எழுதுங்க. பிள்ள அழுறதை வச்சுத்தான் எல்லாரும் பால் காணாது எண்டு முடிவு கட்டுற. 24 மணித்தியாலத்துல 8 தொடக்கம் 12 தரம் குடிக்கிறது பச்சப் பிள்ளைக்கு வழமைதான்.

அட்லாண்டா மட்டக்களப்பான்:
நான் இஞ்ச இருக்கிறதால சொல்றன், அந்த 69க்கு மெசேஜ் இல்லாததில்ல காரணம். அடிமைக் காலத்துல கறுப்பினத் தாய்மாரை முதலாளிமாரின்ட பிள்ளைகளுக்குப் பால் குடுக்க வச்சாங்க, தன்ட பிள்ளைக்கு மிச்சம் இருந்தா இருந்துது, அந்த வடு சில குடும்பங்கள்ல இன்னும் இருக்கு. இப்பவும் நாட்டுச் சட்டப்படி சம்பளத்தோட பிரசவ லீவு இல்ல, 1993ல வந்த சட்டம் 12 கிழமை குடுக்குது, அதுவும் சம்பளம் இல்லாம, அதுவும் எல்லா வேலைக்கும் இல்ல. 2010ல டெக்ஸ்ட்4பேபி எண்டு ஒண்டு தொடங்கி பிள்ளைப்பேறுத் திகதியை வச்சு கிழமைக்கு மூண்டு இலவச மெசேஜ் அனுப்பினாங்க, அது எல்லாத் தாய்மாருக்கும் பொது. தங்கட ஆக்கள் தங்கட பேச்சுல எழுதினாத்தான் கேப்பாங்க எண்டு கறுப்பினத் தாய்மாரே 2013ல இருந்து ஆகஸ்ட் கடைசியில தங்களுக்கெண்டு ஒரு தாய்ப்பால் வாரம் நடத்துறாங்க. நீங்க எடுக்க வேண்டியது அதைத்தான். கொழும்புல இருந்து வாற நோட்டீஸ் தமிழ்ல எழுதினா எந்தத் தாய் வாசிப்பா?

சாய்ந்தமருது உம்மா:
ராத்தா ஒண்டு கேக்கணும், யார்ட போனுக்கு அனுப்பப் போறீங்க? எங்கட பக்கம் கனபேர் கிளினிக்ல குடுக்கிற நம்பர் மாப்பிள்ளைர நம்பர்தான், அவர் கத்தார்ல இருந்தா அந்த மெசேஜ் அங்க போய்க் கிடக்கும். எண்டாலும் அதுவும் கூடாதெண்டு இல்ல, வாப்பாமாருக்கெண்டே தனியா நாலு வரி எழுதுங்களன், "டின் வாங்கக் காசு அனுப்பட்டா?" எண்டு கேக்கிறதுக்கு முன்னால அவர் வாசிக்கட்டும். மறுகா பதில் அனுப்ப ஏலுமா? ராவு ரெண்டு மணிக்கு ஆரும் பதில் சொல்லாட்டிலும் விடியக் காலத்தால ஒரு மிஸ் சொல்லுவா எண்டு தெரிஞ்சாலே போதும் எனக்கு.

போன்கடை தம்பி:
அக்கா எஸ்எம்எஸ் எண்டா கவனம், தமிழ்ல அடிச்சா ஒரு மெசேஜுக்கு 70 எழுத்துத்தான், இங்கிலீஷ் எழுத்துல 160. அதுவும் கொம்பு, விசிறி, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியாத்தான் எண்ணும், மிட்வைஃப் அம்மா சொன்ன அந்த ஒரு வரியே ஒரு எஸ்எம்எஸ்ஸை முழுசா நிரப்பிரும். வாட்ஸ்அப்ல வொய்ஸ் போடுங்க, வாசிக்கக் கஸ்டமான ஆக்களும் கேப்பாங்க. குரூப் ஒண்டும் போட வேணாம், அதுல நம்பர் எல்லாருக்கும் தெரியும், பொம்புளையளுக்கு அது தலையிடி. புரோட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, அதுல ஒரே மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் போகும், ஆனா உங்கட நம்பரை அவங்க சேவ் பண்ணினாத்தான் அது போய்ச் சேரும், கிளினிக்ல பதியக்குள்ளயே பக்கத்துல நிண்டு சேவ் பண்ணிக் குடுங்க.

களுவாஞ்சிகுடி பிள்ள:
சரி தம்பி, வொய்ஸ்தான். மிட்வைஃப் அம்மா, மூணாம் நாள் மெசேஜை உங்கட குரல்லயே பேசித் தருவீங்களா?

பழைய மிட்வைஃப்:
தாறன். விடிய பதில் சொல்றதுக்கு ஆக்களை முதல்ல பிடிங்க, அதுக்குப் பிறகு பேசுவம்.