பெர்லின் முற்றுகை: தரைவழியை அடைத்தவர்கள் வானத்தை ஏன் விட்டார்கள்?

வரைபடப்பித்தன்:
இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியையும் பெர்லினையும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் நான்கும் பங்குபோட்டுக்கொண்டன. முதல் மூன்றின் பங்கான மேற்கு பெர்லினுக்கு 1948 ஜூன் 24-இல் போகும் ரயில், சாலை, கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் தரப்பு அடைத்துவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் நகரமே சோவியத் மண்டலத்தின் நடுவில்தான் கிடக்கிறது. உள்ளே இருபது லட்சம் பேருக்கு மேல். இவ்வளவு செய்தவர்கள், மேற்கு நாடுகள் சாமான் ஏற்றிவந்த விமானத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? சுட்டால் போர் வரும் என்ற பயம் மட்டும்தானா?

டெம்பல்ஹாஃப் சைக்கிள்:
அந்த விமானங்கள் வந்திறங்கிய டெம்பல்ஹாஃப் விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டு இப்போது பூங்கா. ஓடுபாதையில்தான் சாயங்காலம் சைக்கிள் ஓட்டுகிறேன். எதிரே அந்த விமானச் சேவைக்காக இருக்கும் நினைவுச்சின்னத்தை ஊர்க்காரர்கள் கிண்டலாக 'ஹுங்கர்ஹார்க்கே' என்பார்கள். பசி என்பதையும் வைக்கோல் வாரும் கருவியையும் சேர்த்த பெயர். வளைந்த மூன்று பற்கள், மேற்கிலிருந்து பெர்லினுக்கு வந்த மூன்று வான்பாதைகள். உங்கள் கேள்விக்குப் பதிலே அதுதான்.

ஒவ்வொன்றும் 20 மைல் அகலமுள்ள அந்தப் பாதைகளுக்கு 1945 நவம்பரிலேயே நான்கு நாடுகளும் எழுத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டன. சாலைக்கும் ரயிலுக்கும் அப்படி உறுதியான எழுத்து கிடையாது, பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். அதனால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று சாக்குச் சொல்லி மூட முடிந்தது. வானத்தில் சாக்கு எடுபடாது, நிறுத்த வேண்டுமென்றால் சுடத்தான் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முற்றுகை நடந்த மாதங்களிலும் விமானப் போக்குவரத்தைக் கவனித்த பெர்லின் வான் பாதுகாப்பு மையத்தில் சோவியத் அதிகாரிகள் மற்ற மூன்று நாட்டாரோடு வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
எழுத்து இருந்தது சரி. ஆனால் விமானத்தில் நிலக்கரி ஏற்றிவந்தே ஒரு நகரம் குளிர்காலத்தைத் தாண்டிவிடும் என்று அப்போது யார் நம்பியிருப்பார்கள்? விட்டாலே தானாகத் தோற்றுவிடும் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். வந்திறங்கிய சுமார் 23 லட்சம் டன்னில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. அதன் தூள் விமானத்தின் இண்டு இடுக்கெல்லாம் புகுந்துவிடும். உப்பு அதைவிட வில்லங்கம், உலோகத்தையே அரித்துவிடும். பிரிட்டிஷார் அதை சண்டர்லாந்து கடல்விமானங்களில் ஏற்றி, பெர்லினின் ஹாவெல் ஆற்று நீர்ப்பரப்பில் இறக்கினார்கள். கடல்நீரைத் தாங்கச் செய்த உடம்பு அல்லவா! டிசம்பரில் நீர் உறையும் நிலை வந்ததும் அது நின்றுபோனது.

வரைபடப்பித்தன்:
உப்புக் கதை புதுசு, நன்றி! அப்புறம், பணத் தகராறில்தான் எல்லாம் வெடித்தது என்கிறார்களே?

டெம்பல்ஹாஃப் சைக்கிள்:
ஆமாம். மேற்கு மண்டலங்களில் ஜூன் 20-இல் டாய்ச் மார்க் என்ற புதுப் பணம் வந்தது. சில நாளில் 'பி' முத்திரை குத்திய தாள்களாக மேற்கு பெர்லினுக்கும் வந்தது, சோவியத் தரப்பும் தனிப் பணம் விட்டது. 1949 மார்ச் வரை மேற்கு பெர்லினில் இரண்டு மார்க்கும் செல்லும். நல்ல மேற்கு மார்க்கைப் பதுக்கி, மட்டமான கிழக்கு மார்க்கைக் கடையில் நீட்டியிருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.