குவாரி வெடி எச்சரிக்கைப் பலகையில் சிவப்பு நிற்கவில்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரூர் பக்கம் ஒரு கருங்கல் ஜல்லி (ப்ளூ மெட்டல்) குவாரி. 500 மீட்டர் அபாய எல்லையில் நான்கு பாதைகள், நான்கிலும் 4க்கு 3 அடி இரும்புத் தகடு. "அபாயம், வெடி வைக்கும் பகுதி" என்ற சிவப்பு எழுத்து ஐந்தே மாதத்தில் வெளிறுகிறது. நேரம் எழுதிய கறுப்பு அப்படியே இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் "மாலை 4 - 5" மட்டும்தான் தெரிகிறது. எதற்கான நேரம் என்று புதிதாக வருபவருக்கு எப்படிப் புரியும்?

முதலில் சாதா எனாமல், பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர் மேல் இரண்டு கோட். பயனில்லை. ஃபிளெக்ஸ் ஆடி மாதக் காற்றில் கிழிந்தது. ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினோம். கிரஷர் தூசியைத் துடைக்காமல் ஒட்டியதால் ஓரம் தூக்கி, மழைநீர் உள்ளே இறங்கிவிட்டது. அது எங்கள் தவறுதான்.

வெடிக்கு முன் சைரனும், பாதைக்கு ஒரு சிவப்புக் கொடி ஆளும் உண்டு. ஆனால் எதிர்க்காற்றில் மேற்குப் பாதைக்குச் சைரன் கேட்பதில்லை. ஆடு மேய்ப்பவர்கள் வருவது அந்த வழியாகத்தான். அங்கே பலகை பளிச்சென்று தெரிந்தே ஆக வேண்டும்.

வெயிலும் கல்தூசியும் உள்ள இடத்தில் இரண்டு வருடமாவது சிவப்பு வெளிறாமல் நிற்க, எந்தத் தகட்டில் எந்தப் பூச்சு அல்லது ஸ்டிக்கர் போடலாம்?