நீர்ப்பூட்டா, நீர்ப்படியா? ஐரோப்பிய நீர்வழிக் கையேட்டுக்கான சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ராட்டர்டாமிலிருந்து ரைன், மைன், டான்யூப் ஆறுகளின் வழியாகக் கருங்கடல் வரை பாய்மரப் படகில் செல்வோருக்கான கையேட்டில், கால்வாயின் இரு நீர்மட்டங்களுக்கு நடுவே படகை ஏற்றி இறக்கும் கதவிட்ட அறையை எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு, 'மதகு' என்ற பழஞ்சொல்லே போதும் என்று ஒரு நண்பரும், 'நீர்ப்பூட்டு' ஏற்கெனவே புழங்குகிறதே என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். இரண்டுமே கையேட்டில் இடறும் என்பது என் கருத்து.

மதகு நீரை விடுவதற்கானது; இங்கே கடந்து செல்வது படகு. அதைவிட நடைமுறையான இடர் ஒன்று உண்டு. இந்த அறைக்குள் நீரை விடவும் வெளியேற்றவும் அதன் கதவுகளிலோ சுவர்களிலோ சிறு மதகுகள் இருக்கின்றன. முழு அமைப்புக்கும் அப்பெயரைக் கொடுத்துவிட்டால், 'மதகின் மதகு திறக்கும்போது வடத்தைத் தளர்த்தவும்' என்று எழுத நேரும். 'நீர்ப்பூட்டு' வேறு வகையில் இடறுகிறது. 'பூட்டு மூடியிருக்கிறது' என்று படிப்பவர், கதவு சாத்தியிருக்கிறது என்று கொள்வதா, அன்றைய பணிநேரம் முடிந்துவிட்டது என்று கொள்வதா? பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகுகள் ஓடிய காலத்திலிருந்தே 'லாக்கு' என்ற சொல் சென்னைக்கு அறிமுகம். சேப்பாக்கத்தில் லாக் நகர் என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதிலிருந்து கிளைச்சொற்களை வளர்ப்பது கடினம்.

என் முன்மொழிவு 'நீர்ப்படி'. படித்துறையோடு குழம்பும் என்ற மறுப்பு வரக்கூடும். அளவைப் படியும் நினைவுக்கு வரும். இருந்தும் பயணத் திட்டத்திலேயே வைத்துப் பார்த்தபோது அது நன்றாகத் தாங்குகிறது. மைன்ஸ் நகரருகே ரைனை விட்டு மைன் ஆற்றில் திரும்பும் படகு, பாம்பெர்க் வரையிலான ஏறத்தாழ 384 கிலோமீட்டரில் 34 நீர்ப்படிகளைக் கடக்கிறது. அங்கிருந்து கெல்ஹைம் வரை, 1992இல் திறக்கப்பட்ட 171 கிலோமீட்டர் நீள மைன்–டான்யூப் கால்வாயில் 16 நீர்ப்படிகள். முதல் பதினொன்று படகை 175 மீட்டர் ஏற்றுகின்றன. மற்ற ஐந்து 68 மீட்டர் இறக்குகின்றன. ஹில்போல்ட்ஸ்டைனில் ஒரே படியின் ஏற்றம் 24.67 மீட்டர் என்று எழுதினால், அங்கே நீளமான வடமும் பொறுமையும் வேண்டும் என்பது படகோட்டிக்குத் தானே விளங்கிவிடும். 'பூட்டின் ஏற்றம்' என்பதில் அந்தத் தெளிவு இல்லை.

படி என்றால் இரு படிகளுக்கு இடைப்பட்ட சமநீர்ப் பகுதி 'நீர்த்தளம்' ஆகிறது. கடல்மட்டத்துக்கு 406 மீட்டர் மேலே, ரைன் வடிநிலத்தையும் டான்யூப் வடிநிலத்தையும் பிரிக்கும் மேட்டைக் கடக்கும் பகுதி 'முகட்டுத்தளம்' ஆகிறது. ஒவ்வொரு முறை படகு ஏறும்போதும் இறங்கும்போதும் மேல்தளத்து நீர்தான் கீழே போகிறது. அதனால்தான் இக்கால்வாயின் பெரும்பாலான நீர்ப்படிகளுக்குப் பக்கத்தில் 'நீர்மீட்புத் தொட்டிகள்' கட்டப்பட்டிருக்கின்றன.

தொடராக அமைந்தவற்றுக்கு ஒரே சொல் போதாது. தனித்தனி நீர்ப்படிகள் சிறு இடைவெளியில் வரிசையாக வந்தால் 'படித்தொடர்' என்றும், ஓர் அறையின் மேற்கதவே அடுத்த அறையின் கீழ்க்கதவாக இருந்தால் 'அடுக்குப்படி' என்றும் பிரிக்கலாம். பிரான்சின் பெசியே நகரை ஒட்டிய ஃபோன்சரான் இரண்டாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 17ஆம் நூற்றாண்டில் பியேர் பால் ரிக்கே அமைத்த 'மிதி' (Canal du Midi) கால்வாயில், அங்கே எட்டு அறைகளுக்கு ஒன்பதே கதவுகள். படித்தொடரில் எதிரெதிரே வரும் படகுகள் நடுவே விலகிக்கொள்ளலாம். அடுக்குப்படியில் ஏறுவோர் ஏறி முடிக்கும்வரை இறங்குவோர் காத்திருக்கவேண்டும். அன்றைய பயணத்தூரத்தைக் கணக்கிடுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

பெல்ஜியத்தின் ஸ்ட்ரெப்பி–தியூவில் படகு மிதக்கும் தொட்டியையே இயந்திரம் 73 மீட்டர் தூக்குகிறது. அது நீர்ப்படி அன்று, 'படகுதூக்கி'. பிரான்சின் ஆர்ஸ்வில்லரில் தொட்டி சரிவில் இழுக்கப்படுவதால் 'சாய்தூக்கி' எனலாம்.

நீர்ப்படியை இயக்குபவரை 'இயக்குநர்' என்றால் திரைப்படம் குறுக்கே வந்து நிற்கிறது. மைன்–டான்யூப் கால்வாயில் அவர் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தில் அமர்ந்திருப்பதால் 'காவலர்' என்பதும் பொருந்தவில்லை. 'நீர்ப்படியாளர்' என்று வைக்கிறேன்.

படகில் நீருக்கு அடியில் இருக்கும் பகுதியின் அளவுக்கு 'அமிழ்வாழம்' என்பதில் எல்லோரும் உடன்பட்டுவிட்டோம். நீர்ப்பரப்பிலிருந்து படகின் உச்சி வரையிலான அளவுக்கு, ஆங்கில 'air draft' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த 'காற்றாழம்' வேண்டாம். 'நீர்மேல் உயரம்' என்றால் விளக்கமே தேவையில்லை. மைன்–டான்யூப் கால்வாயின் பாலங்களுக்கு அடியில் 6 மீட்டர் அளவே இடைவெளி இருப்பதால், பாய்மரத்தைப் பாரந்தூக்கியால் கழற்றிப் படகின்மேல் கிடத்திய பிறகு மீண்டும் அளக்கவேண்டிய எண் இது.

பழுதுபார்ப்புக்காக நீர்வழியின் ஒரு பகுதியைச் சில வாரங்கள் நிறுத்திவைப்பதற்கு மட்டும் நம் பாசனத்தார் வழங்கும் 'கால்வாய் அடைப்பு' என்பதையே எடுத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன். பிரான்சில் ஒவ்வோராண்டும் அடைப்பு நாட்களின் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். வழியை முடிவு செய்யுமுன் பார்க்கவேண்டியது அதுதான். 'அடைப்பு' கழிவுநீர்க் குழாயை நினைவூட்டுகிறது என்பவர்கள் மாற்றுச்சொல்லோடு எழுதவும்.