பழைய முத்துப்பட்டன் வில்லுப்பாட்டு கேசட் கிடைச்சிருக்கு, எப்படி காப்பாத்துறது?

புளியரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு செங்கோட்டை பக்கம் புளியரை, இப்ப வேலைக்கு புனலூர்ல இருக்கேன். ஊர்ல பரண ஒதுங்க வைக்கும்போது சின்ன வயசுல நாங்க தேயத் தேய கேட்ட முத்துப்பட்டன் கதை கேசட் அகப்பட்டுச்சு, அட்டை கிழிஞ்சு பாடுனவங்க பேரு போயிருச்சு. பட்டன் பொம்மக்கா திம்மக்காவ மொத தடவ பாக்க இடத்துல அண்ணாவி (மெயினா பாடுதவரு) குரல இறக்கிப் பாடுவாரு, குடத்துத் தாளம் அப்படியே நின்னுரும், உடுக்கு மட்டும் மெதுவா கேக்கும், பின்பாட்டுக்காரர் ஒரு "ஆமா..." இழுப்பாரு பாருங்க, இப்ப நினைச்சாலும் புல்லரிக்குது. டேப் ஓரத்துல வெள்ளையா பூத்துருக்கு. ப்ளேயர்ல போடலாமா? அப்புறம் கல்யாணம் முடிஞ்ச உடனே கதை ஓடுத மாதிரி ஞாபகம், நடுவுல ஏதும் விட்டுட்டாங்களா?

கடையநல்லூர் ரேடியோ:
தம்பி, இப்படியே போட்டுறாதீங்க! வெள்ளையா இருக்கது பூஞ்சை, ஹெட்டுல ஒட்டி அடுத்து போடுத கேசட்டுக்கும் பரவும். ஸ்க்ரூ போட்ட கூடா இருந்தா கழட்டி, ரெண்டு சுருளையும் காஞ்ச மெத்துன்னு துணியால மெல்ல துடைச்சு (மாஸ்க் போட்டுக்கோங்க) வேற நல்ல கூட்டுல மாத்துங்க. ஒட்டுன கூடுன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. பொறவு ஹெட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, கேசட்ட கடைசி வரைக்கும் ஒருக்கா ஓட்டி திருப்பிட்டு போடணும். லைன் அவுட்ல இருந்து கம்ப்யூட்டருக்கு வயர் குடுத்து ஆடாசிட்டிங்க ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஏத்துங்க, வேவ் ஃபைலா வச்சுக்கோங்க, எம்பி3 அதுல இருந்து எப்ப வேணாலும் எடுத்துக்கலாம். இரைச்சல எடுக்கேன்னு ரொம்ப சுரண்டுனா ஜால்ரா சத்தமும் சேந்து போயிரும், அது போனா வில்லுப்பாட்டுல என்ன இருக்கு.

ஆரியங்காவு பெரியவர்:
நடுவுல நிறையவே விட்டுருப்பாங்க தம்பி. 60 நிமிஷ கேசட்ல ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரந்தான், கோயில் கொடைல (திருவிழால) இந்தக் கதைய ராத்திரி முழுக்க பாடுவாங்க. பொம்மக்கா திம்மக்காவோட அப்பா, செருப்பு தைக்குத வாலப்பகடை, பொண்ணு குடுக்க மாட்டேங்காரு, பட்டன் பூணூல அறுத்து குடுமிய எடுத்து செருப்பு தைக்கப் படிச்சுட்டு வந்து நிக்காரு, அதுக்கப்புறந்தான் கல்யாணம். அன்னைக்கே மாட்டுக் கிடைய களவாங்குதாங்க, சண்டைக்குப் போன பட்டன் சாவுதாரு, ரெண்டு பொண்ணுங்களும் தீயில இறங்குதாங்க. கேசட்ல சண்டைதான் சுருங்கிருக்கும்னு நினைக்கேன். எனக்கு அந்த பூணூல் அறுக்க இடந்தான் கதைக்கே உயிரு. பாபநாசத்துக்கு மேல சொரிமுத்தய்யனார் கோயில்ல பட்டவராயனுக்கு (சாமியான முத்துப்பட்டன்தான்) இன்னைக்கும் செருப்பு காணிக்கை கட்டுதாங்க, ஆடி அமாவாசைக்கு போனா பாக்கலாம். முழுக்கதையும் வேணும்னா நா. வானமாமலை பதிப்பிச்ச புத்தகத்தத் தேடிப் பிடிங்க.

புளியரைக்காரன்:
அண்ணாச்சி, பெரியவரே, ரொம்ப நன்றி. கூட்டுல ஸ்க்ரூதான் இருக்கு, நானே கழட்டிப் பாக்கேன். பாடுனவங்க யாருன்னு தெரியாம இருக்கதுதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு, அவங்க பேரு இல்லாம நெட்ல ஏத்த மனசு வரல.

கடையநல்லூர் ரேடியோ:
டேப்பு ஆரம்பத்துல காப்பு (சாமி வணக்கப் பாட்டு) பாடி முடிச்சதும் அண்ணாவி குழுவ அறிமுகம் பண்ணுவாரு, குடம் யாரு உடுக்கு யாருன்னு பேரு சொல்லுதது வழக்கம். ஏத்துனதும் அந்த மொத அஞ்சு நிமிஷத்த மட்டும் வெட்டி இங்க போடுங்க, நம்ம பக்கத்து ஆளுங்க குரல வச்சே கண்டுபிடிச்சுருவாங்க.