வகுப்பறையில் ‘வாடா’ என்பது அன்பா, அவமதிப்பா?

கரும்பலகை:
நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. கடந்த ஜூன் முதல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ‘டா’, ‘டி’ போட்டு அழைப்பதை நிறுத்திவிட்டேன். வருகைப் பதிவின்போது தலையைக் குனிந்துகொண்டே பெயர்களை வாசிக்காமல், ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து அழைக்கிறேன். உடன் பணியாற்றும் ஒருவர், “ஆசிரியர் இறங்கி வந்தால் பிள்ளைகள் தலைமேல் ஏறி உட்காருவார்கள்” என்று என்னைக் கண்டித்தார். இந்த இணைய மன்றத்தில் உள்ள ஆசிரியர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முதல்மணி:
அம்மா, 27 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். பிரம்புக்காக வாதாட நான் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருப்பது சரியே. ஆனால் ‘வாடா’ என்பது நம் மண்ணில் பிள்ளையைத் தோளில் கைபோட்டு அழைக்கும் சொல். என்னிடம் படித்துக் குடும்பஸ்தர்களாகிவிட்டவர்களைத் திடீரென்று ‘வாங்க’ என்றழைத்தால், “சாருக்கு என்மேல் கோபமா?” என்று கேட்பார்கள். மேலும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அதே சட்டம் சொல்கிறது. என் வகுப்பில் 52 பேர். எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் பதிவேடு) பதிவேற்றத்துக்கும் பாடத்துக்கும் இடையே முகம் பார்த்துப் பெயர் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது?

பின்வரிசை:
ஐயா, நான் ஆசிரியர் அல்லன். வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்தவன். அந்த ‘டா’ எல்லாருக்கும் சமமாகக் கிடைத்ததா என்பதே என் கேள்வி. எங்கள் வகுப்பில் ஊர்ப் பெரியவரின் மகன் ‘தம்பி’. எங்கள் தெருப் பிள்ளைகள் ‘ஏய்’ அல்லது ‘டேய்’. சில நாள்களில் தெருவின் பெயரே எங்களுக்குப் பெயராகிவிடும். அடி வாங்கியது மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவரைக் காக்க வந்த தங்கையும் பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்லும்படி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அக்குழு அளித்த அறிக்கையில், பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும், நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி ஆசிரியர் அழைக்கக் கூடாது என்றும் பரிந்துரைகள் இருக்கின்றன. அவ்வாறு அழைக்கும் வழக்கம் இல்லையென்றால் இதை எழுத வேண்டிய தேவை என்ன?

முதல்மணி:
தாங்கள் பட்டதை நான் மறுக்கவில்லை; படிக்கும்போது மனம் கனத்தது. இருந்தாலும் சொல்லை மாற்றினால் மனம் மாறிவிடும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. “நீங்களெல்லாம் படித்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்ற வாக்கியத்திலும் ‘நீங்கள்’ இருக்கிறது. விடைத்தாளை அதிக மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி வரிசையாகப் பெயர் வாசித்துக் கொடுக்கும்போது, ‘டா’ என்ற சொல்லே இல்லாமல் கடைசிப் பத்துப் பேரை அவமதித்து முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்தேன்.

கரும்பலகை:
ஐயா, விடைத்தாளைப் பற்றித் தாங்கள் சொன்னது முழுக்க உண்மை. நான் இப்போது மதிப்பெண் தெரியாதபடி மடித்து, அவரவர் இடத்துக்கே சென்று கொடுக்கிறேன். நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாள்தோறும் தாமதமாக வந்த ஒரு மாணவனை வகுப்பின் முன் நிற்க வைத்துக் காரணம் கேட்டபோதெல்லாம் அவன் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் தாழ்வாரத்தில் தனியாகக் கேட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிறான். இப்போதும் சில நாள் தாமதமாகத்தான் வருகிறான், ஆனால் எழுதாமல் விட்டதைத் தானே கேட்டு எழுதிக்கொள்கிறான். எல்லாரிடமும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவி பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினாள் என்று எல்லார் முன்னிலையிலும் திட்டினேன். அது என் தவறு என்று மறுநாள் தெரிந்ததும், எல்லார் முன்னிலையிலுமே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

முதல்மணி:
இதில்தான் நான் வேறுபடுகிறேன், அம்மா. தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். 52 பேர் முன்னால் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால், அடுத்த முறை அவர் கண்டிப்பது உண்மையான தவறாக இருந்தாலும் பிள்ளைகள் அதை ஐயத்தோடு பார்ப்பார்கள்.

பின்வரிசை:
ஊரறியத் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டால், ஊரைப் பொறுத்தவரை அந்தப் பெண் இன்னும் காப்பியடித்தவள்தானே, ஐயா?

முதல்மணி:
அதற்கு உடனே மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த மாணவி அதன்பின் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் அறிய விரும்புகிறேன்.

கரும்பலகை:
அன்று “பரவாயில்லை டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். பழைய இடத்திலேயே, பழையபடி அதிகம் பேசாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் நான் அருகில் செல்லும்போது நோட்டைக் கையால் மூடிக்கொள்ளும் வழக்கம் அவளிடம் இருந்தது, இப்போது மூடுவதில்லை.