விசில் இருக்கட்டும், வீளை வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

விசில் ஊதி நாயைப் பழக்குவது பற்றிச் சின்னதாக ஒரு தமிழ்க் கையேடு எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்திலேயே நின்றுவிட்டேன். விஷயம் தெரியாமல் இல்லை, சொல் அமையாமல்தான்.

முதலில் கருவியின் பெயர். விசில் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். ஆனால் கையில் இருக்கும் கருவியும் விசில், அதிலிருந்து வரும் சத்தமும் விசில், உதட்டைக் குவித்து அடிப்பதும் விசில். குக்கர்கூட விசில்தான் அடிக்கிறது. "மூன்று விசில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்" என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். சமையல் குறிப்பு மாதிரி இருந்தது.

அடுத்தது, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நாயைத் திரும்ப வரவைக்கும் சைகை. பயிற்சியாளர்கள் ரீகால் என்பார்கள். 'மீளழைப்பு' என்று போட்டேன். என் தங்கை படித்துவிட்டு, "கோளாறான காரைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்வதா?" என்று கேட்டாள். நமக்குக் கேட்காது, நாய்க்கு மட்டும் கேட்கும் என்று விற்கும் சைலன்ட் விசிலுக்கு 'ஒலியில்லா ஊதல்' என்று போட்டால் பழுதாகிப்போன ஊதல் போல ஒலிக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொன்று. புது விசிலை எடுத்து ஊதினால் நாய் ஒன்றும் செய்யாது, தலையைச் சாய்த்துப் பார்க்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள், கவனம் சிதறாத நேரத்தில், மெல்ல ஊதி உடனே அதற்குப் பிடித்த தீனியைக் கொடுப்பது. பத்துப் பதினைந்து முறை, பிறகு ஓய்வு, அப்புறம் மறுபடியும். சில நாளில் சத்தம் கேட்ட மாத்திரத்தில் நாய் நம் கையைத் தேடித் திரும்பும். இந்த வேலையை விசிலை 'சார்ஜ்' செய்வது என்கிறார்கள். எனக்கு பாட்டரிதான் நினைவுக்கு வருகிறது. தமிழில் எப்படிச் சொல்லலாம்?

——

தம்பி,

புதுச் சொல் கட்டுவதற்கு முன் பரணில் ஒருமுறை தேடிவிடலாம். 'வீளை' என்று ஒரு சொல் கிடக்கிறது. சீழ்க்கை ஒலி என்று பொருள். அகநானூற்றில் இடையன் 'மடிவிடு வீளை' எழுப்புகிறான், அதாவது வாயை மடித்து விடும் சீழ்க்கை. அதைக் கேட்டு வெருண்ட குறுமுயல் புதருக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. நற்றிணையில் ஒரு பாட்டில், கோலை ஊன்றி ஒடுங்கி நிற்கும் இடையனின் 'மடிவிளி' கேட்டு ஆட்டு மந்தை கலையாமல் தங்குகிறது. ஒலி ஒன்றுதான். பழகிய காது நிற்கிறது, பழகாத காது ஓடுகிறது. உங்கள் கடைசிக் கேள்வி முழுக்க இந்த இரண்டு காட்சிக்குள் இருக்கிறது.

ஆகவே கருவிக்கு ஊதல், ஒலிக்கு வீளை என்று பிரித்துக்கொள்ளலாம். 'சீழ்க்கை' வேண்டாம். அது வாயால் அடிப்பதற்கென்றே நிலைத்துவிட்டது, கேட்டால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. 'விளி' அழகான சொல்தான். ஆனால் விளிதல் என்றால் இறத்தலும்கூட. செல்லமாக வளர்க்கும் நாயைக் கூப்பிடும் இடத்தில் அது எதற்கு? தெலுங்கில் ஈல, மலையாளத்தில் சூளம், கன்னடத்தில் சிள்ளே என்று பக்கத்து மொழிகளில் சொந்தச் சொல் புழங்குகிறது. நாம் மட்டும் நம்முடையதைப் பரணில் போட்டுவிட்டோம்.

——

வணக்கம்.

நான் மாறுபடுகிறேன். விசில் தமிழாகி ரொம்ப நாளாகிறது. விசிலை, விசிலுக்கு, விசிலடித்தான் என்று எல்லா உருபையும் ஏற்கிறது. 'வீளை' என்று அச்சடித்தால் 'வேளை'யில் எழுத்துப் பிழை என்றுதான் வாசகர் நினைப்பார். நாய் வளர்க்க வருபவர் அகநானூறு படித்துவிட்டா வருகிறார்?

——

எல்லோருக்கும் வணக்கம்.

கருவியின் பெயரை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். எனக்குச் சைலன்ட் விசில் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மூலப் பெயரே பொய். பொய்யை மொழிபெயர்த்தால் தமிழிலும் பொய்தான் வரும்.

இதன் முன்னோடி, ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்ட்டன் 1876இல் செய்த சிறு ஊதல். மனிதர்க்கும் விலங்குகளுக்கும் எந்த உயரம்வரை காது கேட்கிறது என்று சோதிப்பதற்காக அதைச் செய்தார். கைத்தடியின் நுனியில் அதைப் பொருத்தி, கைப்பிடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் குழாயை அழுத்தி, விலங்குக் காட்சி சாலையில் கூண்டு கூண்டாகப் போய்ப் பார்த்திருக்கிறார். உயர்ந்த ஒலியைக் கேட்பதில் பூனையை மிஞ்சிய விலங்கு இல்லை என்று 1883இல் எழுதினார். ஆக, நாய் விசில் என்று நாம் சொல்வதன் ஆரம்பக் கதையில் பரிசு வாங்கியது பூனை!

மனிதக் காதுக்கு மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ், வயதாக ஆக அதுவும் குறையும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை எட்டும். இந்த இடைவெளியில் ஒலித்தால்தான் அது நமக்குக் கேளாத ஊதல். சைலன்ட் என்று விற்கப்படுபவற்றில் பல, சுருதியை மாற்றும் திருகு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, நம் காதுக்கும் நன்றாகவே கேட்கும். 'கேளா ஊதல்' என்றால் யாருக்குக் கேளாது என்ற கேள்வி வருகிறது. நாய்க்குக் கேட்பதற்காகத்தானே ஊதுகிறோம்? 'மீயொலி ஊதல்' என்றால் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டுபவற்றுக்கு மட்டும் சரி. அதிலும் ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தையும் மீயொலி விமானம் என்று எழுதுகிறார்கள். குழப்பத்துக்கு மேல் குழப்பம். 'உயர்சுருதி' என்று சொன்னால் எல்லா வகைக்கும் பொருந்தும், யார் காதுக்கு என்ற வம்பும் இல்லை.

கையேட்டில் சேர்க்க இரண்டு விஷயம். ஒன்று, சுருதி உயர உயரக் காற்று ஒலியை அதிகமாக உறிஞ்சிவிடும். அதனால் நமக்குக் கேட்காத விசில் வெகு தூரம் போகும் என்பது தவறு. வயலிலும் புதரிலும் சற்றுத் தாழ்ந்த சுருதிதான் போய்ச் சேரும். இரண்டு, வயதான நாய்க்கு உயர்சுருதிதான் முதலில் மங்கத் தொடங்கும். விசிலை மதிக்காமல் போகிறது என்று திட்டுவதற்கு முன் காதைப் பார்க்க வேண்டும்.

——

அக்கா,

'உயர்சுருதி' உடனே ஒட்டிக்கொண்டது, மிக்க நன்றி. திருகு உள்ள விசிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. பையில் கிடக்கும்போது திருகு கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி மாறிவிடும். நமக்குக் கேட்காததால் மாறியதும் தெரியாது. நாய்க்கோ அது முன்பின் அறியாத சத்தம். அதனால் தொடங்குபவருக்கு, நம் காதுக்கும் கேட்கிற, சுருதி மாறாத விசில்தான் நல்லது என்று எழுதப்போகிறேன்.

> நாய் வளர்க்க வருபவர் அகநானூறு படித்துவிட்டா வருகிறார்?

நியாயம்தான். இரண்டு நாள் யோசித்தேன். கருவி விசிலாகவே இருக்கட்டும். கடையில் போய் ஊதல் கேட்டால் வேறெதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஒலிக்குத் தனிச்சொல் இல்லாமல் முடியாது. குழந்தை விளையாட்டாக ஊதினால் அது வெறும் சத்தம். நாய் அர்த்தம் தெரிந்து கேட்பது வேறு. அந்த இரண்டாவதற்கு மட்டும் வீளை. முழுக் கையேட்டிலும் புதிய சொல் ஒன்றே ஒன்று என்றால் வாசகர் பொறுத்துக்கொள்வார்.

ஐயா, உங்கள் முயலும் மந்தையும் இரண்டு நாளாக என் கூடவே நடக்கின்றன. 'சார்ஜ்' என்பதற்குப் 'பொருளேற்றம்' என்று வைக்கத் தோன்றியது. லாரியில் சரக்கு ஏற்றுவது போல இருக்கிறதா? நான் முதலில் 'பழக்குதல்' என்றுதான் எழுதினேன். ஆனால் பழகுவது நாய், பொருள் ஏறுவது ஒலியில். நாய் ஏற்கெனவே நன்றாகப் பழகியிருக்கலாம், புது விசிலில் பொருள் இன்னும் ஏறாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் கண்டிஷனிங் என்பதற்கு உளவியல் பாடநூலில் ஆக்கநிலையுறுத்தம் என்று ஒரு சொல் உண்டு. கையேட்டில் அதைப் போட்டால் நாய்க்கு முன்னால் வாசகர் ஓடிவிடுவார். சிலர் நிபந்தனைப்படுத்தல் என்றும் எழுதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நாய்களை வைத்து இதை ஆராய்ந்த பாவ்லவ் ரஷ்ய மொழியில் எழுதிய சொல்லுக்கு 'நிபந்தனைக்கு உட்பட்ட' என்பதுதான் நேர்ப்பொருள். ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் அது, 'கண்டிஷனல்' என்று இருக்க வேண்டியது, 'கண்டிஷண்ட்' என்று திரிந்தது.

ஏறிய பொருள் மாறியும் போகும். இது என் சொந்த அனுபவம். என் நாய் விசில் கேட்டால் தோட்டத்தின் கோடியிலிருந்து பறந்து வரும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. குளிப்பாட்ட வேண்டுமா, ஊது. நகம் வெட்ட வேண்டுமா, ஊது. விளையாட்டை நிறுத்திச் சங்கிலி மாட்ட வேண்டுமா, ஊது. ஒரு மாதத்தில் விசில் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்க ஆரம்பித்தது. பயிற்சியாளர்கள் இதை விஷமேறிய சைகை என்ற பொருளில் சொல்கிறார்கள். எனக்கு 'கசந்த வீளை' போதும் என்று படுகிறது. கசந்துவிட்டால் பழைய விசிலை மூட்டை கட்டிவிட்டு, வேறு சுருதியில் ஒன்றை வாங்கி, முதலிலிருந்து பொருளேற்ற வேண்டியதுதான். நானும் அதைத்தான் செய்தேன்.

இப்போது எழுதும் முறையில் சிக்கல். வேட்டைத் துணை நாய்களுக்கு வழக்கமாக ஒரே நீண்ட ஒலி 'நில்' என்பதற்கு, அடுத்தடுத்த குட்டி ஒலிகள் 'வா' என்பதற்கு. இது சும்மா வந்த வழக்கமும் இல்லை. விலங்கு நடத்தை ஆய்வாளர் பட்ரீசியா மெக்கானல் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மேலேறும் நான்கு குறுகிய ஒலிகள் நாய்க்குட்டிகளை அருகே வரத் தூண்டின. இறங்கிச் செல்லும் ஒரே நீண்ட ஒலிக்கு அந்த அளவு பலன் இல்லை. இதைத் தாளில் எப்படிக் காட்டுவது? கோடும் புள்ளியும் போட்டால் தந்தி மாதிரி இருக்கிறது. ரீகாலுக்கும் இன்னும் சொல் இல்லை. 'மீள்வீளை' என்று பார்த்தேன். மீள்பதிவு, மீள்பார்வை எல்லாம் பழகிய கண்ணுக்கு 'மறுபடியும் ஊது' என்று தெரிகிறது.

——

தம்பி,

கோடும் புள்ளியும் எதற்கு? குறிலும் நெடிலும் இருக்கும்போது! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வாயில் வரும். வருவதற்கு 'பி பி பி பி'. நிற்பதற்கு 'பீஇஇ'. படிப்பவர் மனசுக்குள் ஊதியே பார்த்துவிடுவார். பக்கம் திரும்ப வைப்பதற்கு என்ன கொடுப்பீர்கள்?

ரீகாலுக்கு 'வருவீளை', நிறுத்துவதற்கு 'நில்வீளை' என்று வைக்கலாம். வீளையா வருகிறது, நாய்தானே வருகிறது என்று யாராவது கேட்பார்கள். வினைத்தொகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சுடுகாடு எதையும் சுடுவதில்லை, அங்கே சுடுகிறார்கள். குடிநீர் தானாகக் குடிப்பதில்லை. வருவீளை என்றால் வருவதற்கான வீளை, முடிந்தது.

விசிலை விட்டுக்கொடுத்ததில் எனக்குச் சிறு வருத்தம்தான். இருந்தாலும் வீளை உள்ளே வந்துவிட்டதால் வாயை மடித்துக்கொள்கிறேன். பொருளேற்றம் லாரி போல இருக்கிறது, ஆனாலும் விடாதீர்கள். பொருள் என்ற சொல்லுக்கு அர்த்தம், பண்டம் என்று இரண்டும் உண்டல்லவா? தீனியைக் கொடுத்து அர்த்தத்தை ஏற்றுகிறீர்கள்.

——

ஒரு வரி மட்டும். விசிலை விட்டுவைத்ததற்கு நன்றி, இனி வீளையை எதிர்க்கவில்லை. ஆனால் அரசியலில் தன் கூட்டத்துக்கு மட்டும் புரிகிற மாதிரி மறைபொருள் வைத்துப் பேசுவதையும் 'டாக் விசில்' என்கிறார்களே, அதற்கும் இதுவேதானா?

——

அதற்கு இது ஆகாது. அங்கே ஒலி எல்லோருக்கும் கேட்கிறது, பொருள்தான் சிலருக்கு மட்டும். தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

ஐயா, பக்கம் திரும்ப 'பி பி', இரண்டே குறில். மந்தை மேய்க்கும் நாய்கள் என்றால் கதை வேறு. அங்கே இடப்பக்கம் சுற்று, வலப்பக்கம் சுற்று, படு, முன்னே நட என்று ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்கும் தனி மெட்டு. பாதியாக மடித்த தகடு போன்ற ஒரு விசிலை வாய்க்குள் வைத்து நாக்கால் சுருதியை மாற்றுகிறார்கள். இரண்டு நாயை ஒரே நேரத்தில் ஏவும்போது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வீளை, ஒன்றுக்குக் கொடுத்ததை மற்றது கண்டுகொள்ளாது. குறில் நெடிலில் அது அடங்காது, ஸ்வரம்தான் எழுத வேண்டும். அந்த அத்தியாயத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

இத்தனை நாள் பேசியது எழுத்தில் எப்படி வருகிறது என்று பார்க்க, ஒரு பத்தி:

"பொருளேற்றம் முடிந்த பிறகே வெளியே போங்கள். முதலில் நீண்ட கயிற்றில் கட்டியே வருவீளை (பி பி பி பி) கொடுங்கள். நாய் எப்படியும் வரப்போகிறது என்று தெரிகிற தருணத்தில் மட்டும் ஊதுங்கள். அணில் பின்னால் ஓடும்போது ஊதாதீர்கள், அந்தப் போட்டியில் இப்போதைக்கு அணில்தான் ஜெயிக்கும். ஒருமுறை ஊதியும் வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஊத வேண்டாம். காதில் விழுந்தும் பொருட்படுத்தத் தேவையில்லாத சத்தம் என்று நாய் கற்றுக்கொள்ளும். கயிற்றைப் பிடித்து நீங்களே அருகே போங்கள். வந்த நாயை எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும் திட்டாதீர்கள், வீளை கசந்துவிடும். கோபமாக இருக்கும்போதும் விசில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். நம் குரலால் அது முடியாது. வீட்டில் யார் ஊதினாலும் நாய்க்கு ஒன்றுதான் என்பதால், எந்த வீளைக்கு என்ன பொருள் என்று எல்லோரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்."

'பொருளேற்றம்' முதல் வரியிலேயே வருவது கொஞ்சம் இடிக்கிறது. 'வீளையில் பொருள் ஏறிய பிறகே' என்று பிரித்து எழுதினால் லாரி மறைந்துவிடுமா? திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.