திரையில் சட்டம் (பிரேம்) போட்ட கமராவில் தட்டி போகஸ் செய்வது தேவையா, வீண் வேலையா?

கச்சான்கடை:
கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்கு இருப்புக் கணக்கு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நகையையும் போனில் படம் எடுத்து நிறையோடு பதிய வேண்டும், அவ்வளவுதான். ஐபோனின் ஆயத்தக் கமராத் திரை, அதற்கு மேல் நான் வரைந்த ஓவர்லே, அதாவது கண்ணாடி மாதிரி மேலே படியும் ஒரு அடுக்கு: நடுவில் முட்டை வடிவச் சட்டம், கீழே இரண்டு பட்டன். ஓவர்லே வைத்த நாளில் இருந்து திரையைத் தட்டினால் போகஸ் நகருவதே இல்லை. சிவப்பு வெல்வெட் பளிச்சென்று விழுகிறது, மோதிரத்தின் கல்லு மங்கல். என்னோடு வேலை செய்பவர் தட்டுகிற வசதியையே தூக்கிவிடு என்கிறார். என்ன செய்யலாம்?

ஆடிக்கூழ்:
தூக்குங்கோ. ‘நகையை இதற்குள் வை’ என்று சட்டம் போட்டதே நீங்கள்தான், எங்கே போகஸ் வேண்டும் என்று ஆப்புக்குத் தெரியும், பிறகு எதற்குக் கடைப்பெடியனைத் தட்டச் சொல்கிறீர்கள்? ஆயத்தத் திரையை விட்டு, கமராவைச் சொந்தமாக எழுதவிடும் ஆப்பிளின் ஏவிபவுண்டேஷனுக்கு மாறி, சட்டத்தின் நடுப்புள்ளியைக் கொடுத்துத் தொடர் போகஸில் விடுங்கள். நாளுக்கு நூறு நகை எடுக்கிறவன் ஒவ்வொன்றுக்கும் தட்டிக்கொண்டு நிற்க மாட்டான்.

நெல்லியடிச்சந்தி:
மோதிரத்தின் நடுவில் என்ன இருக்கு அண்ணை? ஓட்டை. அதற்குள்ளால் தெரிவது வெல்வெட். வளையலும் அப்படித்தான். உங்கட நடுப்புள்ளி ஒவ்வொரு முறையும் துணியைத்தான் பிடிக்கும்.

கச்சான்கடை, உங்கள் பிரச்சினை சின்னது. முழுத்திரை ஓவர்லே மேலே கிடப்பதால் தொடுகை கீழே போகாமல் அதுவே விழுங்கிவிடுகிறது. ஓவர்லேயின் தொடுகையை அடியோடு நிறுத்தினால் உள்ளே இருக்கிற பட்டன்களும் செத்துவிடும், அந்தப் பிழையை நானும் விட்டிருக்கிறேன். தொடுகை எதற்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் ஹிட்டெஸ்ட் பங்ஷனை மாற்றி எழுதுங்கள்: விரல் பட்டது பட்டனில் என்றால் பட்டனைக் கொடு, வெறும் ஓவர்லேயில் என்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லு. மிச்சம் தானாகக் கீழே இறங்கும்.

ஆடிக்கூழ்:
ஓட்டை விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் தட்டுவதுதான் வழியா? மோதிரம் என்று தெரிவு செய்தால் புள்ளியைச் சட்டத்தின் மேல் விளிம்புக்கு நகர்த்து, கல்லு அங்கேதான் வரும். தொடுகை கீழே இறங்கினால் போதும் என்பதும் பாதிக் கதை. சொந்தமாகக் கமரா எழுதினால் ஐபோன் கேட்கும் போகஸ் புள்ளி 0 இலிருந்து 1 வரை, அதுவும் போனைப் படுக்கையாக, ஹோம் பட்டன் வலப்பக்கம் வரப் பிடித்த கணக்கில். நிமிர்த்திப் பிடித்த திரையின் இடது மேல்மூலை அதற்கு 0, 1. பெடியள் x ஐ அகலத்தால் வகுத்துக் கொடுத்துவிட்டு போகஸ் பிழை, போன் பிழை என்று கதைக்கிறார்கள்.

நெல்லியடிச்சந்தி:
வகுக்கச் சொன்னது யார்? கமராப் படத்தைத் திரையில் காட்டும் பிரிவியூ லேயரிலேயே புள்ளியை மாற்றித் தரும் பங்ஷன் இருக்கு, படம் வெட்டுப்படுவதையும் திரும்புவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒன்றை மறக்காதீர்கள், புள்ளியை மட்டும் மாற்றினால் லென்ஸ் அசையாது, அதற்குப் பிறகு போகஸ் மோடையும் திரும்பக் கொடுக்க வேண்டும். அப்புறம், மேல் விளிம்பாம்! கடைக்காரர் மோதிரத்தைத் திருப்பி வைத்தால்?

வல்லைக்காற்று:
அன்ட்ரொய்டிலும் இதே அடிபாடுதான். ஓவர்லே கிளிக் ஆகும்படி இருந்தால் தொடுகை கீழே இருக்கிற பிரிவியூவுக்குப் போகாது. விரல் வைத்த கணத்தில், தொடுகையைக் கவனிக்கும் உங்கள் கோடு (லிசனர்) ‘ஓம்’ என்று திருப்பாவிட்டால் விரல் எடுத்த செய்தியும் வராது. கூகிளின் கமரா லைப்ரரியான கமராஎக்ஸில் தட்டிய போகஸ் 5 வினாடியில் தானாகக் கழன்றுவிடும், நிறுத்தச் சொன்னால்தான் நிற்கும்.

ஆனால் இரண்டு பேரும் கேட்காத கேள்வி, போனை எவ்வளவு கிட்டப் பிடிக்கிறார்கள்? புதுப் போன் என்றால் இன்னும் கிட்டப் போகலாம் என்று நினைக்கிறோம், உண்மை மறுவளம். ஐபோன் 13 ப்ரோவின் முதன்மை லென்ஸுக்குக் குறைந்தது 15 செ.மீ. வேண்டும், 15 ப்ரோவுக்கு 24. அதற்கு உள்ளே எத்தனை தரம் தட்டினாலும் கல்லு தெளியாது. ஐஓஎஸ் 15 இலிருந்து அந்தத் தூரத்தை ஆப்பே கேட்டு அறியலாம். தள்ளிப் பிடித்து 2 மடங்கு சூம் வையுங்கள்.

கச்சான்கடை:
கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஹிட்டெஸ்ட்டை மாற்றியதும் பட்டனும் தட்டலும் இரண்டும் வேலை செய்கிறது. தூரமும் பிழைதான், பெடியன் போனை மோதிரத்தில் முட்டுமாப்போல் பிடிக்கிறான். சட்டத்தைச் சின்னதாக்கினேன், தானாகவே தள்ளிப் பிடிக்கிறான். சூமுக்கு ஏவிபவுண்டேஷனுக்குத்தான் மாற வேண்டும் போல.

ஆடிக்கூழ்:
பார்த்தீர்களா, சட்டத்தை மாற்றத்தானே சரி வந்தது. இப்ப தட்டுகிறானா?

கச்சான்கடை:
மோதிரத்துக்குத் தட்டுகிறான். சங்கிலிக்கு இல்லை. முதலாளி ஐயா மட்டும் எல்லாவற்றுக்கும் தட்டுகிறார், அதுவும் வெல்வெட்டில்.